நேர்க்கோடுகளில் பிறந்த வளைவு

ஒரு தடித்த அட்டை. அதில் ஒரு மூலையில் சந்திக்கும் இரண்டு நேர்க்கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் சம இடைவெளியில் பத்துத் துளைகள். ஒரு குழந்தையின் கையில் ஊசி, வண்ண நூல். முதல் கோட்டில் மூலைக்கு மிக அருகில் இருக்கும் துளையில் ஊசியை ஏற்றி, இரண்டாம் கோட்டில் மூலைக்கு மிகத் தொலைவில் இருக்கும் துளையில் இறக்க வேண்டும். அடுத்து, முதல் கோட்டில் ஒரு துளை வெளியே நகர வேண்டும். இரண்டாம் கோட்டில் ஒரு துளை உள்ளே நகர வேண்டும். இப்படியே பத்து முறை. தைத்து முடித்துப் பார்த்தால் அட்டையில் ஓர் அழகான வளைவு நிற்கும். குழந்தை வளைவு எதையும் வரையவில்லை. தைத்தவை அனைத்தும் நேர்க்கோடுகள்தாம். அப்படியானால் அந்த வளைவு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் குழந்தையே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அட்டை உருவாக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் மேரி எவரெஸ்ட் பூல். கணக்கு என்றால் கரும்பலகை, வாய்ப்பாடு, பிரம்பு என்று இருந்த காலத்தில், அதை வீட்டு மேசைக்கும் தையல் பெட்டிக்கும் கொண்டுவந்தவர் அவர்.

மேரி 1832ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷியர் பகுதியில் உள்ள விக்வார் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் எவரெஸ்ட் அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார். எவரெஸ்ட் என்ற பெயரைக் கேட்டவுடன் இமயமலைச் சிகரம் நினைவுக்கு வருவது இயல்பு. மேரியின் பெரியப்பாவான ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரைத்தான் 1865இல் அந்தச் சிகரத்திற்குச் சூட்டினார்கள். இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் நில அளவைப் பணி 1802இல் சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் என்பவரால் தொடங்கப்பட்டது. அவருக்குப் பின் அப்பணியை வடக்கே இமயம் வரை கொண்டு சென்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ஆக, கணக்கும் அளவையும் மேரியின் குடும்பத்திற்குப் புதியவை அல்ல.

மேரிக்கு ஐந்து வயதானபோது தந்தையின் உடல்நலம் கெட்டது. ஓமியோபதி மருத்துவத்தைத் தோற்றுவித்த ஹானிமன் அப்போது பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவரிடம் சிகிச்சை பெறுவதற்காகக் குடும்பம் முழுவதும் பாரிசுக்கு அருகிலுள்ள புவாசி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை தமக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளைப் பிள்ளைகள் மீதும் சுமத்தினார். அதிகாலையில் பனி போன்ற குளிர்ந்த நீரில் குளியல். காலை உணவுக்கு முன் நெடுந்தூர நடை. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால், அந்த ஊரில் மேரிக்கு ஒரு நல்ல ஆசிரியர் வாய்த்தார். டெப்லாஸ் என்பது அவர் பெயர். அவர் பாடத்தை விளக்கிச் சொல்வதில்லை. ஒரு கேள்வி கேட்பார். அதற்கான விடையை மேரி எழுத வேண்டும். பிறகு இன்னொரு கேள்வி, அதற்கும் விடை. இப்படி வரிசையாகக் கேள்விகள் போகும். இறுதியில், எழுதிய விடைகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்வார். அப்போதுதான், தான் கற்க வேண்டியிருந்த விதியைத் தானே கண்டுபிடித்து எழுதிவிட்டது அந்தச் சிறுமிக்குப் புரியும். ஆசிரியர் எதையும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். மேரி பிற்காலத்தில் செய்த பணி முழுவதற்கும் வித்து இங்கேதான் விழுந்தது.

மேரிக்குப் பதினொரு வயதானபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. அத்துடன் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. தந்தையின் தேவாலயப் பணிகளுக்கு உதவுவது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, தந்தையின் உரைகளுக்குக் குறிப்பு எடுப்பது என்று நாட்கள் கழிந்தன. அக்காலத்தில் பாதிரியாரின் மகளுக்கு அதற்கு மேல் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களே மிகுதி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாத காலம் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மேரி வளர்ந்த காலத்தின் நிலை விளங்கும். இருந்தும் மேரி படிப்பை விடவில்லை. தந்தையின் புத்தக அலமாரியில் நுண்கணிதம் பற்றிய நூல் ஒன்று கிடந்தது. அதை எடுத்துத் துணைக்கு யாரும் இல்லாமல் தாமே படிக்க முயன்றார். சில இடங்கள் புரிந்தன. பல இடங்கள் புரியவில்லை. சந்தேகம் கேட்க ஆள் இல்லை.

அந்த ஆள் 1850இல் கிடைத்தார். மேரியின் தாய்மாமன் ஜான் ரயல், அயர்லாந்தின் கார்க் நகரில் உள்ள குயின்ஸ் கல்லூரியில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தார். மாமாவைப் பார்க்கச் சென்ற பதினெட்டு வயது மேரிக்கு, அதே கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் பூல் அறிமுகமானார். அவர் மேரியைவிடப் பதினேழு வயது மூத்தவர். காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். கல்லூரிப் படிகளை மிதிக்காமலேயே, நூல்களைக் கொண்டு தாமே உயர்கணிதம் கற்றுப் பேராசிரியரானவர். தனியாகப் படிப்பவரின் தவிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். மேரியின் கேள்விகளை அவர் பொறுமையாகக் கேட்டார்; விளக்கினார். மேரி ஊர் திரும்பிய பின்பும் கடிதங்கள் வழியே பாடம் தொடர்ந்தது.

1855இல் மேரியின் தந்தை காலமானார். ஆதரவின்றி நின்ற மேரியை ஜார்ஜ் பூல் அதே ஆண்டு செப்டம்பரில் மணந்துகொண்டார். இருவரும் கார்க் நகருக்கு அருகில் வாழ்ந்தனர்.

ஜார்ஜ் பூலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மனிதர்கள் சிந்திக்கும் முறையையே கணக்குப் போல எழுத முடியும் என்று காட்டியவர் அவர். ஒரு கூற்று உண்மை என்றால் 1. பொய் என்றால் 0. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் அதே எண் வரவேண்டும் என்றால், அப்படிப்பட்ட எண்கள் எத்தனை? 0, 1 ஆகிய இரண்டு மட்டுமே. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஒரு முழு இயற்கணிதத்தையே உருவாக்கினார். இன்று கணினியும் கைப்பேசியும் உள்ளுக்குள் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டு எண்களின் ஆட்டம்தான். 1854இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு மேரி உதவியதாகச் சொல்வர். அதன் பின் அவர் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலின் கைப்பிரதியை மேரி ஒரு மாணவியின் இடத்தில் இருந்து படித்தார். எந்த இடத்தில் தமக்குப் புரியவில்லையோ, அந்த இடம் மாணவர்களுக்கும் புரியாது என்பது இருவருடைய எண்ணம்.

ஒன்பது ஆண்டுகளில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தனர். மேரி எலன், மார்கரெட், அலிசியா, லூசி, எதெல் ஆகியோரே அந்த ஐவர். கணிதம் பேசும் தந்தை, கேள்வி கேட்கும் தாய், ஓடியாடும் குழந்தைகள் என்று மகிழ்ச்சியாக இருந்த அந்த வீட்டில் 1864ஆம் ஆண்டின் இறுதியில் இடி விழுந்தது. நவம்பர் மாதத்தில் ஒரு நாள், ஜார்ஜ் பூல் கொட்டும் மழையில் ஏறத்தாழ மூன்று மைல் தூரம் நடந்து கல்லூரிக்குச் சென்றார். நனைந்த உடையோடே பாடம் நடத்தினார். காய்ச்சல் கண்டது, நுரையீரலில் சளி கட்டியது. டிசம்பர் 8ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49. மேரிக்கு வயது 32. மூத்த மகளுக்கு எட்டு வயது. கடைசிக் குழந்தை எதெலுக்கு ஏழு மாதம்கூட நிரம்பவில்லை.

சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரசு அளித்த சிறிய ஓய்வூதியம் ஐந்து பிள்ளைகளை வளர்க்கப் போதாது. மேரி குழந்தைகளோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். எல்லாரையும் தம்முடன் வைத்துக்கொள்ள முடியாத நிலை. நான்கே வயதான அலிசியா உறவினர்களிடம் விடப்பட்டாள். அவள் தாயிடமும் சகோதரிகளிடமும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பெற்ற பிள்ளையைப் பிரிந்திருந்த வேதனை மேரியின் வாழ்வில் ஆறாத ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

இலண்டனில், ஹார்லி தெருவில், 1848இல் தொடங்கப்பட்ட குயின்ஸ் கல்லூரி இருந்தது. பெண்களின் கல்விக்காக ஏற்பட்டது அது. கார்க் நகரில் இருந்த கல்லூரிக்கும் இதே பெயர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு. அங்கே மேரி வேலை தேடினார். ஆசிரியர் பணி கிடைக்கவில்லை; நூலகர் பணிதான் கிடைத்தது. மாணவியர் தங்குவதற்கான விடுதி ஒன்றையும் அவர் நடத்தினார். ஒரு மேதையின் நூலைப் பிழை பார்த்தவர், இப்போது புத்தகங்களை அடுக்கி வைக்கவும் விடுதியில் உணவு நேரத்தைக் கவனிக்கவும் வேண்டியதாயிற்று. அதை ஒரு தாழ்வாக அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. நூலகத்திற்கு வரும் மாணவியர் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். பெரும்பாலோர் தடுமாறியது கணக்கில்தான். அவர்களுக்கு அறிவு குறைவு என்று மேரி நினைக்கவில்லை. விதியை முதலில் மனப்பாடம் செய்யச் சொல்லி, பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் முறையே தவறு என்று நினைத்தார்.

எனவே, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாணவியரைத் தம்மிடம் வரச் சொன்னார். அது வகுப்பு அல்ல. வருகைப்பதிவு இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எங்கோ தொடங்கி எங்கெங்கோ போகும். கணிதம், இயற்கை, சமயம், மனித மனம் என்று எதுவும் பேச்சுக்குரியதே. டெப்லாஸ் தம்மிடம் செய்ததையே மேரி அவர்களிடம் செய்தார். விடை சொல்ல மாட்டார். அடுத்த கேள்வியைக் கேட்பார். வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் சிறிது நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவாள். தவறாகச் சொன்னால் சிரிக்க யாரும் இல்லை. தவறான விடை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போவதே அங்கே ஒரு விளையாட்டாக இருந்தது.

அந்த மாலைகளில் கலந்துகொண்ட மாணவி ஒருவர் பிற்காலத்தில் அதைப் பற்றிச் சொன்னது மேரியின் முறையைத் தெளிவாகக் காட்டுகிறது. தங்களை மகிழ்விப்பதற்காகவே அவர் ஏதோ பேசுகிறார், பாடம் எதுவும் நடக்கவில்லை என்றுதான் அந்த மாணவி அப்போது நினைத்திருந்தார். கல்லூரியை விட்டுச் சென்ற பிறகே, தமக்குள் ஓர் ஆற்றல் வளர்ந்திருப்பதை உணர்ந்தாராம்.

இந்த நிலை நீடிக்கவில்லை. மேரிக்கு வழக்கத்திற்கு மாறான நம்பிக்கைகள் பல இருந்தன. மனத்தின் மறைவான ஆற்றல்கள் பற்றி அவர் எழுதிய நூல் எதிர்ப்பைக் கிளப்பியது. அவருடைய கருத்துகள் அனைத்தையும் இன்று ஏற்றுக்கொள்ள முடியாது. அக்காலத்திலும் பலர் ஏற்கவில்லை. விளைவாக, அவர் கல்லூரிப் பணியை இழந்தார். மறுபடியும் வருமானமின்றி நின்றார். இறந்துபோன தந்தையின் நண்பரான ஜேம்ஸ் ஹின்டன் என்னும் மருத்துவர் அவரைத் தம் செயலாளராக வைத்துக்கொண்டார். வீட்டில் வறுமை இருந்தது. ஆயினும், அந்த வீட்டிற்குள் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

குழந்தைகளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை மேரி தம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் கவனித்தே அறிந்தார். ஒரு குழந்தைக்கு முதலில் பெயரையும் விதியையும் கொடுக்கக்கூடாது. பொருளைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. கூழாங்கல், குச்சி, நூல், காகிதம் எதுவானாலும் சரி. கை முதலில் அதனோடு பழக வேண்டும். கை பழகப் பழக மனம் சத்தமில்லாமல் அதைப் பதிவு செய்துகொள்ளும். பிறகு வேலையை விட்டுவிட்டு ஓய்வு எடுக்க வேண்டும். பல நாட்கள், சில வேளை பல ஆண்டுகள் கழித்து, பள்ளியில் அந்த விதி வரும்போது, அது பழைய நண்பனைப் போல அறிமுகமானதாக இருக்கும். பெற்றோர் செய்யும் பெரிய தவறு அவசரப்படுவதுதான் என்று அவர் கருதினார். குழந்தை வியந்து நிற்கும் அந்த நிமிடத்தில் குறுக்கே புகுந்து விளக்கம் சொன்னால், குழந்தை கண்டுபிடித்திருக்க வேண்டியதைப் பெரியவர் பறித்துக்கொண்டதாகிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன தையல் அட்டை இந்த எண்ணத்தில் பிறந்ததே. அதில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல் கோட்டில் மூலையிலிருந்து 1ஆம் துளையை, இரண்டாம் கோட்டில் மூலையிலிருந்து 10ஆம் துளையோடு இணைக்கிறோம். அடுத்து 2ஐ 9உடன். பிறகு 3ஐ 8உடன். எந்த நூலை எடுத்தாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 11. மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு எண்கள்; மாறாத ஒரு கூட்டுத்தொகை. இயற்கணிதத்தின் அடிப்படையே இதுதான். அதைக் குழந்தை ஒரு சமன்பாடுகூட எழுதாமல் விரல்களால் செய்துவிடுகிறது. நூல்கள் வரிசையாகச் சாய்ந்துகொண்டே போகும்போது, அவற்றின் ஓரத்தில் ஒரு வளைவு எழுகிறது. அதைப் பரவளைவு என்பர். மேலே தூக்கி எறிந்த பந்து கீழே விழும் பாதையும் இந்த வகை வளைவுதான்.

துளைகளை நெருக்கமாக வைத்தால் வளைவு இன்னும் வழவழப்பாகத் தெரியும். கோடுகளுக்கு இடையிலான கோணத்தைக் குறுக்கினால் வளைவின் வடிவம் மாறும். நேர்க்கோடுகளுக்குப் பதிலாக ஒரு வட்டத்தைச் சுற்றித் துளையிட்டால் வேறு உருவங்கள் பிறக்கும். இதை எல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓர் அட்டையைத் தைத்து முடித்த குழந்தை, இதை மாற்றினால் என்ன ஆகும் என்று தானாகவே அடுத்த அட்டையைக் கேட்கும். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆவல் நன்றாகவே புரியும். ஒரு புள்ளி தவறினால் கோலம் கெடுவது போல, ஒரு துளை தவறினால் வளைவு முறிந்துவிடும். பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் தேவையில்லை, அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த அட்டைகள் பூல் அட்டைகள் என்ற பெயரில் பரவின. ஈடித் சாமர்வெல் என்னும் ஆசிரியை இம்முறையை விளக்கி 1906இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு மேரி முன்னுரை அளித்தார். வீட்டில் தாய்மார்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் எளிதில் செய்யக்கூடியது என்பதே இதன் பெரிய பலம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தாய்க்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தையல் தெரிந்தால் போதும். கணக்கு எங்களுக்கு வராது என்று ஒதுங்கி நின்ற தாய்மார்களின் கைவேலையையே கணக்கின் வாசலாக மாற்றியது மேரியின் திறமை.

வியப்பு என்னவென்றால், இந்த நூல்களை எல்லாம் மேரி எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது ஆகிவிட்டது. 1901இல் வங்காள அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போசுக்கு, இந்தியச் சிந்தனையும் மேற்கத்திய அறிவியலும் பற்றி ஒரு நீண்ட திறந்த கடிதம் எழுதினார். எண்கணிதத்தின் தருக்கம் பற்றிய நூல் 1903இல் வெளிவந்தது. குழந்தையை அறிவியலுக்கு எப்படித் தயார் செய்வது என்பதைச் சொல்லும் நூல் 1904இல் வெளிவந்தது. 1909இல், எழுபத்தேழு வயதில், இயற்கணிதத்தின் வேடிக்கையைப் பற்றிச் சிறுவர்களோடு நேராகப் பேசும் சிறு நூலை எழுதினார்.

அந்த நூலில் அவர் எக்ஸ் என்ற எழுத்தை அறிமுகம் செய்யும் விதம் அழகானது. முற்காலத்தில் மக்கள் தெரிந்த எண்களை வைத்து மட்டுமே கணக்குப் போட்டார்கள். ஒருநாள் அவர்களால் தீர்க்க முடியாத ஒரு கணக்கு வந்தது. ஊகித்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொன்னார்கள். அப்போது யாரோ ஒருவர், எனக்கு விடை தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவைப் பெற்றார். தெரியாத அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து, அது தெரியாதது என்பதை மறக்காமலேயே, தெரிந்தவற்றோடு அதைச் சேர்த்துக் கணக்கைத் தொடர்ந்தார். இப்படித்தான் இயற்கணிதம் பிறந்தது என்று மேரி கதைபோலச் சொல்கிறார். வரலாறு இவ்வளவு எளிமையாக நடந்திருக்காது. ஆனால், எக்ஸ் என்றாலே நடுங்கும் ஒரு மாணவனுக்கு, அது தெரியாது என்று நேர்மையாகச் சொல்வதற்கான ஓர் எழுத்து மட்டுமே என்று தெரிந்தால் பாதி அச்சம் போய்விடும்.

மேரியின் முறை பலன் தந்ததா என்று கேட்டால், அவருடைய வீட்டையே பார்க்கலாம். லூசி வேதியியல் கற்று, இலண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். பிரிட்டனின் வேதியியல் நிறுவனத்தில் உயர்நிலை உறுப்பினரான முதல் பெண் அவரே. எதெல் நாவலாசிரியர் ஆனார். 1897இல் அவர் எழுதிய நாவல் இரஷ்ய மொழியில் இலட்சக்கணக்கில் விற்றது. மார்கரெட்டின் மகன் ஜெஃப்ரி டெய்லர் பெயர்பெற்ற இயற்பியலாளர். இவர்களில் எவரையும்விட வியப்பூட்டுபவர், சிறு வயதில் தாயைப் பிரிந்திருந்த அலிசியாதான்.

அலிசியா பள்ளியில் முறையாகக் கணிதம் கற்கவில்லை. யூக்ளிடின் வடிவியல் நூலில் முதல் இரண்டு பாகங்கள் மட்டுமே அவர் படித்தவை. அவருக்கு ஏறத்தாழப் பதினெட்டு வயதானபோது, ஜேம்ஸ் ஹின்டனின் மகன் சார்லஸ் ஹின்டன் ஒரு பெட்டி நிறைய மரக் கனசதுரங்களோடு அவர்கள் வீட்டிற்கு வந்தார். இவரே பின்னாளில் மூத்த மகள் மேரி எலனின் கணவர். நான்காவது பரிமாணத்தைக் கற்பனை செய்ய முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. ஒரு கோட்டிற்கு 2 முனைகள். சதுரத்திற்கு 4 மூலைகள். கனசதுரத்திற்கு 8 மூலைகள். இதே வரிசையில் அடுத்த உருவத்திற்கு 16 மூலைகள் இருக்க வேண்டும். ஆனால், நம் உலகில் அதைச் செய்து பார்க்க இடமில்லை. ஹின்டன் கனசதுரங்களை அடுக்கி, கலைத்து, மீண்டும் அடுக்கச் சொன்னார். சகோதரிகள் அனைவரும் விளையாடினார்கள். அலிசியா மட்டும் அந்த உலகத்திற்குள்ளேயே போய்விட்டார். விரைவில், ஹின்டனாலேயே காண முடியாதவற்றை அவர் கண்டார்.

பாலாடைக்கட்டியைக் கனசதுரமாக வெட்டி வைத்து, ஒரு மூலையைச் சாய்வாகச் சீவினால் முக்கோணம் கிடைக்கும். இன்னும் உள்ளே போய் நடுவில் சீவினால் அறுகோணம் கிடைக்கும். மீண்டும் மறுமுனையில் முக்கோணம். சீவல்களை மட்டும் வரிசையாகப் பார்த்தே முழு உருவத்தையும் மனத்தில் கட்டிவிடலாம். அலிசியா இதே போல நான்கு பரிமாண உருவங்களைச் சீவினால் கிடைக்கும் முப்பரிமாணத் துண்டுகளைக் கணக்கிட்டு, அவற்றை அட்டையால் செய்து வண்ணம் பூசினார். நான்கு பரிமாணத்தில் ஒழுங்கு உருவங்கள் ஆறே ஆறு என்பதையும் தாமே கண்டறிந்தார். சுவிட்சர்லாந்து நாட்டின் ஷ்லாஃப்லி என்னும் அறிஞர் அதை முன்பே கண்டறிந்திருந்தது அவருக்குத் தெரியாது.

திருமணமாகி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, அலிசியா வீட்டில் இந்த அட்டை உருவங்களைச் செய்துவந்தார். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷௌட்டே வெளியிட்ட ஆய்வில் இருந்த படங்கள், அலிசியாவின் நடுப் பகுதித் துண்டுகளோடு அப்படியே பொருந்தின. அலிசியா தம் உருவங்களின் ஒளிப்படங்களை அவருக்கு அனுப்பினார். பேராசிரியர் வியந்துபோனார். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இங்கிலாந்துக்கு வந்து அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார். இருவரின் கூட்டு ஆய்வு ஷௌட்டே 1913இல் மறையும் வரை தொடர்ந்தது. 1914இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அலிசியாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

அந்தச் செய்தியைக் கேட்க மேரி உயிரோடு இருந்தார். அப்போது அவருக்கு வயது 82. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1916ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், அவர் இலண்டனில் காலமானார். அவருடைய எழுத்துகள் திரட்டப்பட்டு 1931இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன.

அலிசியா தம் எழுபதாவது வயதை அடைந்தபோது, அக்காள் மகன் ஜெஃப்ரி டெய்லர் ஓர் இளைஞரை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். அவர் கோக்செட்டர், பின்னாளில் உலகின் தலைசிறந்த வடிவியல் அறிஞர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றவர். அவர் அலிசியாவை அத்தை என்று அழைத்தார். பாட்டி வயதுடைய அந்த அம்மையாரும் இருபது வயதைக் கடந்த அந்த இளைஞரும் தேநீர் மேசையில் அமர்ந்து, அட்டை உருவங்களைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அலிசியா வெட்டி ஒட்டிய அட்டைகளுள் ஒரு பகுதி குரோனிங்கனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.